அழிக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர்

நான் வேலை பார்த்த பஞ்சாலையில் மோட்டார் அமாவாசைக்கு அமாவாசை படுத்துக்கொள்ளும். மற்ற நாட்களில் அதைப் போல ஒழுங்கான பிராணி கிடையாது. காலைச் சங்கு ஊதியதும் சுற்ற ஆரம்பித்தால் சாயங்காலச் சங்கு வரை ஒரே சத்தம்தான். அமாவாசையன்று மட்டும், மத்தியானச் சாப்பாடு முடிந்து ஆட்கள் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில், சத்தம் கனத்துவிடும். தோல்பட்டை வழுக்கும். நூல் அறும். ஸ்விட்ச் பலகையில் இருக்கும் விளக்கு மங்கி மங்கிப் பழுத்த எலுமிச்சை நிறத்துக்கு வரும். அப்புறம் ஃபியூஸ் கம்பி உருகி எல்லாம் நின்றுபோகும்.

ஜெர்மன் சண்டைக்கு முந்தின வருஷங்கள் அவை. பாபநாசத்துக்குக் கீழே சில மைல் தள்ளி, தாமிரபரணியில் ஓர் அணையிலிருந்து பிரிகிற வாய்க்காலின் ஓரம் எங்கள் சின்ன ஆலை இருந்தது. வாய்க்கால் தண்ணீர் ஓர் இரும்புச் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் டைனமோவைச் சுற்றும், டைனமோவிலிருந்து இரண்டு தடித்த செம்புக் கம்பிகள் பனங்கம்பங்களின் மேலேறி ஆலைக் கொட்டகைக்குப் போகும், அங்கே மோட்டார். இந்த நாலும் என் பொறுப்பு. சென்னையில் ஒரு பட்டறையில் மூன்று வருஷம் எண்ணெயும் வசவும் தின்று இந்த வேலையைக் கற்றிருந்தேன். எங்கள் குடும்பம் திருநெல்வேலியில் நிலம் இருந்தவரை நிலத்தைப் பார்த்தது. நிலம் போன பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் ஒருவன்தான் எழுந்து வெளியே வந்தவன். அதனால் தலைக்கனம் நிறைய. ஆலையில் என்னைக் கரண்டு மேஸ்திரி என்பார்கள். எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு வேறு பெயரும் சொல்வார்கள்.

அமாவாசைக் கோளாறுக்கு ஆலைப் பெண்கள் உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். வாய்க்காலில் விழுந்து செத்த யாரோ ஒருத்தி சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிறாளாம். "அவ பிடிச்சா தண்ணி என்ன செய்யும், கரண்டு என்ன செய்யும்?" என்று ஒரு கிழவி என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். நான் கத்தினேன். பேய்க்கு வோல்ட் எத்தனை என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அந்த ஐப்பசியில்தான் என் மனைவி பிரசவத்தில் இறந்திருந்தாள். பிள்ளையும் தங்கவில்லை. தை அமாவாசைக்குப் பாபநாசம் போய் எள்ளும் தண்ணீரும் விட்டேன். அங்கே முழுகுகிறவர்கள் உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டு வருவது வழக்கம்; பாவம் துணியோடு போய்விடும் என்பார்கள். நான் என் வேட்டியோடு அவளுடைய சேலை ஒன்றையும் விட்டேன். மயில்கழுத்து நிறத்துச் சேலை. முந்தின வருஷத் திருக்கார்த்திகையில் அகல் சுடர் பட்டு முந்தானை பொத்தலாகி, அவள் அழுகிற முகத்தோடு உட்கார்ந்திருந்தபோது, நானே சிவப்பு நூலால் தைத்துக் கொடுத்தது. எனக்குத் தெரிந்த தையல் மோட்டார்ச் சுருளைக் கட்டுகிற தையல் ஒன்றுதான். அதைத்தான் போட்டேன். "பொம்பளை சேலையை இரும்பு மாதிரி கட்டியிருக்கியளே" என்று சொல்லிச் சிரித்தாள். துணியை விட்டதும் திரும்பிப் பார்க்காமல் படியேறச் சொன்னார் சடங்கு செய்து வைத்த ஐயர். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

பங்குனியில் ஆற்றில் தண்ணீர் குறைந்ததும் கோளாறு தொடங்கியது. முதலில் மோட்டாரைச் சந்தேகப்பட்டேன். கார்பன் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தேன், அச்சுத் தாங்கிகளுக்கு எண்ணெய் மாற்றினேன், சுருளைத் தொட்டுத் தொட்டு முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. அடுத்த அமாவாசைக்குக் கம்பிகளைப் பார்த்தேன். டைனமோ வீட்டிலும் கொட்டகையிலும் வோல்ட் முள்ளைப் பார்த்துக் குறித்தேன். வழியில் எங்காவது இணைப்பு தளர்ந்திருந்தால் டைனமோவில் முள் உயரத்திலும் மோட்டாரில் தாழ்ந்தும் இருக்கும். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தது. ஆக, மோட்டாரும் கம்பியும் நிரபராதிகள். பிறக்கிற இடத்திலேயே கரண்டு மெலிந்து பிறக்கிறது. மெலிந்த கரண்டில் அதே பாரத்தை இழுக்க மோட்டார் கூடுதலாக வாங்கிக் குடிக்கிறது, சூடாகிறது, ஃபியூஸ் போகிறது. இவ்வளவு தூரம் வந்ததில் எனக்கு ஒரே பெருமை.

அன்று சாயங்காலம் சங்கு ஊதி ஆட்கள் போன பிறகு, டைனமோ வீட்டுச் சன்னல் வழியாக வாய்க்காலைப் பார்த்தேன். அந்தி வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மதகு ஓரத்தில் என் மனைவி நின்றாள்.

மயில்கழுத்து நிறம். இடுப்பில் செருகியிருந்த முந்தானையில் சிவப்பாக ஒரு கோடு. குனிந்து தண்ணீரிலிருந்து எதையோ தூக்கினாள். நிமிர்ந்தாள். மருதமரத்துக்குப் பின்னால் போய்விட்டாள். நான் சன்னலைச் சாத்திவிட்டு டைனமோவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். அது இன்னும் சூடு ஆறாமல் இருந்தது. அந்தச் சூடு ஒன்றுதான் அப்போது எனக்குத் துணை. பயந்தேன் என்று சொல்ல இப்போது வெட்கமில்லை. பயத்தைவிடப் பெரிது இன்னொன்று: அவள் என்னைப் பார்க்கவில்லையே.

மறுநாள் மதகுக்காரரிடம் சொன்னேன். வேறு யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை. அவர் நாற்பது வயது மெலிந்த ஆள். பேச்சு குறைவு, பேசினாலும் மண்ணைப் பார்த்துத்தான் பேசுவார். மதகைத் திருகி ஏற்றி இறக்குவது ஒரு வேலை. மதகுக்கு முன்னால், சருகும் வாழைமட்டையும் சக்கரத்துக்குள் போகாமலிருக்க, வாய்க்காலின் குறுக்கே நெருக்கமாக இரும்புக் கம்பி நட்டு ஓர் அழி போட்டிருந்தார்கள். அதில் சேர்கிறதை நீளக் கழி வாரியால் வாரிச் சுத்தம் செய்வது இன்னொரு வேலை. ஐந்து பிள்ளைகள். மூத்த பெண்ணுக்கு ஆவணியில் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அதை மட்டும் நாலைந்து தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார்.

"நேத்து அந்தியில மதகுகிட்ட ஒரு பொம்பளைய பாத்தீரா வே?" என்றேன்.

"இல்லியே ஐயா."

"என் வீட்டுக்காரி மாதிரி இருந்தா. அவ சேலயேதான். ஆத்துல விட்ட சேல. நான் தச்ச தையல் தெரிஞ்சுது."

அவர் கையிலிருந்த வாரி தண்ணீரில் நழுவியது. எடுத்தார். "இனும அங்கன யாரும் வரமாட்டாக ஐயா, நீங்க கவலப்படாதிய" என்றார். என்னைத் தேற்றுகிறார் என்று நினைத்தேன். அப்புறம் அந்த உருவத்தை நான் பார்க்கவே இல்லை. அதுவும் எனக்குப் பேயின் கணக்கிலேயே சேர்ந்தது.

வைகாசி அமாவாசையன்றைக்குக் காரணம் தெரிந்தாக வேண்டும் என்று மேனேஜர் தொரை சொல்லிவிட்டார். அன்று மத்தியானம் சத்தம் கனத்ததும் சுற்று எண்ணும் கருவியை டைனமோவின் அச்சில் வைத்துக் கடிகாரத்தைப் பார்த்தேன். சுற்று குறைவு. டைனமோவிலும் குற்றமில்லை, அதைச் சுற்றுகிற சக்கரத்துக்கே பலமில்லை. மிச்சம் இருந்தது தண்ணீர் ஒன்றுதான்.

தண்ணீரை அளக்க அங்கே இரண்டு அளவுகல் உண்டு. ஒன்று அழிக்கு முன்னால், வண்டிப்பாதையை ஒட்டி. இன்னொன்று அழிக்கும் மதகுக்கும் நடுவில், மருதமரத்தின் அடியில். முதல் கல்லில் தண்ணீர் ஐந்தடி, வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகம்கூட. இரண்டாவது கல்லுக்குப் போக வேண்டும். பத்து எட்டு நடந்தால் போதும். அவள் நின்ற இடம் அது.

நான் போகவில்லை. நோட்டுப் புத்தகத்தில் முதல் கல்லுக்கு நேராக ஐந்து என்று எழுதினேன். இரண்டாவது கல்லுக்கு நேராகவும் ஐந்து என்று எழுதினேன். பென்சில் நடுங்கவில்லை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆச்சரியம்.

அந்த இரண்டு ஐந்துகளிலிருந்து முடிவு தானாகவே வந்தது. மதகு வரை தண்ணீர் நிறைய இருக்கிறது, ஆனால் சக்கரத்துக்குப் போதவில்லை. அப்படியானால் மதகு முழுதாகத் திறக்கவில்லை. மதகுக்காரர் அமாவாசையன்று மத்தியானம் அதை இறக்கிவிட்டுத் தூங்குகிறார், இல்லையென்றால் வேண்டுமென்றே செய்கிறார். இதைத் தொரையிடம் படமெல்லாம் போட்டு விளக்கினேன். தொரை தலையை ஆட்டிக் கேட்டார். மதகுக்காரரைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"நான் இறக்கலிய்யா" என்றார் அவர். ஒரு தடவைதான் சொன்னார். பிறகு கைகூப்பி, "ஆவணி வரைக்கும் வச்சுக்கிடச் சொல்லுங்க. பிள்ள கல்யாணம் முடிஞ்சதும் நானே போயிருதேன்" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். மண்ணைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். கரண்டு மேஸ்திரி என்றால் சும்மாவா? நான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனி அமாவாசை வந்தது. அந்த வருஷம் சாரல் பிந்தியிருந்தது. ஆற்றில் தண்ணீர் ஏறவில்லை. புது மதகுக்காரரைத் திருகுச் சக்கரத்தின் பக்கத்திலேயே உட்கார வைத்து, மதகை உச்சிவரை ஏற்றிச் சங்கிலி போட்டுப் பூட்டி, சாவியை நானே மடியில் வைத்துக்கொண்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்தது. சத்தம் கனத்தது. பலகை விளக்கு எலுமிச்சை நிறத்துக்கு இறங்கியது.

சாவி மடியில் குத்திக்கொண்டிருந்தது. எழுந்து ஓடினேன். பயம் இருந்தது, ஆனால் அதற்குள், குற்றமில்லாத ஆளை அனுப்பிவிட்டேனோ என்ற வேறொரு பயம் அதை முந்திவிட்டது. மருதமரத்தடிக்குப் போய் இரண்டாவது கல்லைப் பார்த்தேன். மூன்றடிக்கும் கீழே. அழிக்கு முன்னால் ததும்பத் ததும்ப ஐந்தடி, பின்னால் மூன்று. நடுவில் அழி ஒரு சுவராக நின்றது. வாரியைப் போட்டு இழுத்தேன். வேட்டி வந்தது. இன்னொரு வேட்டி. காவித் துண்டு. சிவப்புச் சேலை. குழந்தைச் சட்டை. தண்ணீரைக் குடித்துக் கனத்த துணிகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கம்பிகளில் ஒட்டியிருந்தன. காலையில் பாபநாசத்தில் ஊரெல்லாம் முழுகிவிட்டு விட்ட பாவம் மத்தியானத்துக்குள் எங்கள் அழிக்கு வந்து சேர்ந்திருந்தது.

அதைத் துணி துணியாக இழுத்துக் கரையில் போட்டேன். இழுக்க இழுக்கக் கொட்டகையில் மோட்டார்ச் சத்தம் லேசாகிக்கொண்டே வந்தது. காரணம் கையிலேயே இருந்தது. பழைய ஆள் தினமும் வாருகிறவர்தானே, இதை ஏன் வாரவில்லை என்று யோசித்தபடி மரத்துக்குப் பின்னால் போனேன். அங்கே இரண்டு கிளைகளுக்கு நடுவில் ஒரு கொடி கட்டியிருந்தது. துணி காயப்போடுகிற கொடி. கயிறு தேய்ந்து வழவழவென்று இருந்தது.

அப்போது எல்லாம் விளங்கிவிட்டது. பகலில் வாரினால் வண்டிக்காரர்கள் பார்ப்பார்கள். அவர்கள் கண்முன்னால் எடுத்துக்கொள்ள முடியாது, துணிகளைக் கழியால் தள்ளி வடிகாலில் விட வேண்டியதுதான். ஆகவே அமாவாசையன்று மட்டும் அவர் வாராமல் சாயங்காலச் சங்கு வரை விட்டுவைப்பார். ஆட்கள் போனதும் அவர் எடுக்க, அவர் மனைவி பிழிந்து கொடியில் போடுவாள். ஐந்து பிள்ளைகளுக்கும் உடுப்பு அங்கிருந்துதான். நான் பார்த்தது என் மனைவியை அல்ல. அதை நினைத்து ஆறுதல் வர வேண்டும். வரவில்லை. அவள் இரண்டாம் தடவை செத்தது போல இருந்தது.

மறுநாளே வாய்க்கால் தலைப்பில், அணையை ஒட்டி, ஒரு மூங்கில் தடுப்பைச் சாய்வாக மிதக்கவிட்டேன். துணிகள் அதிலேயே ஒதுங்கின. அவ்வளவுதான் வைத்தியம். வைகாசியில் நான் பத்து எட்டு நடந்திருந்தால் வைகாசியிலேயே இதைச் செய்திருக்கலாம். அவரும் வேலையில் இருந்திருப்பார், துணியும் அவருக்குக் கிடைத்திருக்கும், ஒரு குருவிக்கும் விஷயம் தெரிந்திருக்காது.

பிறகு தொரையிடம் போனேன். தப்பு என்னுடையது, இரண்டாவது கல்லை அளக்காமலே எழுதினேன் என்று ஒப்புக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கோ எதையும் அடியிலிருந்து நுனிவரை சொன்னால்தான் திருப்தி. துணி எங்கிருந்து வந்தது, ஏன் சாயங்காலம் வரை அழியில் கிடந்தது, யார் எடுத்தார்கள், யார் உடுத்தினார்கள், கொடி எங்கே கட்டியிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். குமாஸ்தா தொரைக்கு இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தார். வாசலில் நின்றவர்களுக்காகத் தமிழிலும் சத்தமாக ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். யாரோ சிரித்தார்கள். தொரை மூன்று நாள் யோசித்துவிட்டு, சரி, அந்த ஆளைத் திரும்பக் கூப்பிடு என்றார். நல்ல காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு அவருடைய ஊருக்கு நடந்தேன். வயல் வரப்பில் நடக்கும்போது பாடக்கூடச் செய்தேன்.

அவர் வாசலில் ஒரு தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"இங்கன எதுக்கய்யா வந்திய?"

"வேலைக்கு வாரும். தொரை சரின்னுட்டாரு. தப்பு என் மேலதான் வே. நான் அந்தப் பக்கத்துக் கல்ல அளக்கவே இல்ல. அதச் சொல்லிட்டேன்."

அவர் கயிற்றை இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டார். "துணிய யாரு எடுத்தான்னும் சொன்னியளோ?"

நான் தலையை ஆட்டினேன்.

"நேத்து மாப்பிள்ள வீட்டுலருந்து ஆளு வந்தாக. ஊரான் கழிச்ச துணிய உடுத்துன வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாகளாம்." கோபமாகச் சொல்லவில்லை. "வேல போச்சேன்னு அவுக ஒண்ணும் சொல்லலிய்யா. வேற வேல பாத்துக்கிடலாம், கல்யாணத்த நிறுத்த வேண்டாம்னுதான் சொன்னாக. அந்தக் கல்யாணத்துக்காகத்தான் நான் துணி சங்கதிய சொல்லாம வெளிய வந்தேன். இப்போ கண்டித் தேயிலத் தோட்டத்துக்கு ஆளெடுக்க வந்தவன்கிட்ட சரின்னுட்டேன். குடும்பத்தோட போறோம்."

அப்போதுதான் அடுப்படியிலிருந்து அவர் மனைவி வெளியே வந்தாள். மயில்கழுத்துச் சேலை. பகல் வெளிச்சத்தில் அது நிறம் மங்கியிருந்தது. நான் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே முந்தானையைப் பார்த்தேன். சிவப்புத் தையல் அப்படியே இருந்தது. அவள் என் கண் போன இடத்தைப் பார்த்துவிட்டாள். உள்ளே போனாள். திரும்பி வரும்போது நைந்த ஒரு பழந்துணியைச் சுற்றியிருந்தாள். சேலை மடித்து அவள் கையில் இருந்தது.

"இது ஒங்க வீட்டம்மாவோடதுன்னு இவுக அன்னைக்கே வந்து சொன்னாக" என்றாள். "எப்படித் திருப்பிக் குடுக்கதுன்னு தெரியல. அதுக்கப்புறம் அங்கன கட்டிக்கிட்டு வரல. நல்லாத்தான் வச்சிருந்தேன் ஐயா."

"வேண்டாம் தாயி. நீயே வச்சுக்கோ."

"இனும எப்படிய்யா உடுத்துவேன்?"

வாசல்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் மறுபடி பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார். மன்னித்துக்கொள்ளும் என்று சொல்ல நினைத்தேன். அந்த வாசலில் அது எதற்கும் உதவாத சொல்லாக இருந்தது. சேலையை எடுத்துக்கொண்டு வந்தேன். அந்த வாரமே அவர்கள் தூத்துக்குடிக்குப் போய்க் கப்பலேறிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு மோட்டார் ஓர் அமாவாசைகூடப் படுக்கவில்லை. மேஸ்திரி பேயை ஓட்டிவிட்டார் என்று ஆலைப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். தொரை கைகுலுக்கினார். எனக்கு மட்டும் அந்தியானால் அந்தச் சன்னல் பக்கம் போக முடியவில்லை. முன்பு அங்கே தெரிந்தவள் என் மனைவி. பயமாக இருந்தாலும் என்னுடையவள். இப்போது அங்கே நிற்பவள் வேறொருத்தி. நைந்த துணியைச் சுற்றிக்கொண்டு, மடித்த சேலையை நீட்டிக்கொண்டு.

ஒவ்வொரு தை அமாவாசைக்கும் சேலையை எடுத்துக்கொண்டு பாபநாசம் போகிறேன். தண்ணீரில் இறங்கி நிற்கிறேன். விட்டால் அது எங்கே போகும், எங்கே தங்கும் என்று எனக்குத் தெரியும். அதை நனைக்காமல் திரும்பக் கொண்டுவருகிறேன். ஒரு தடவை படியில் உட்கார்ந்து அதை முழுதாகப் பிரித்துப் பார்த்தேன். என் சிவப்புத் தையலுக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு கிழிசல் இருந்தது. அதையும் யாரோ தைத்திருந்தார்கள். சிவப்பு நூல் கிடைக்கவில்லை போலும், கறுப்பு நூல். என் தையலையே பார்த்துப் பார்த்து, மோட்டார்ச் சுருளைக் கட்டுகிற அதே தையலை, என்னைவிட ஒழுங்காகப் போட்டிருந்தாள்.